பத்மினி ஆடிவிட்டுத்தான் நடிக்க வந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டியப் பேரொளி பத்மினியின் நினைவு நாளையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் தொட்டு அவரைப் பார்த்து வரும் ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட். கட்டுரையை ஆசையோடுதான் படித்தோம். ஆனால் அதில் மூன்று பிழைகள் இருந்தன. இரண்டு வெறும் தகவல் பிழை. மூன்றாவதை அப்படியே விட்டால் அது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் முழங்காலில் வந்து முடியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பத்மினியும் உடன்பிறந்தவர்களுமான திருவாங்கூர் சகோதரிகள், கட்டுரை சொல்வதுபோல் இருவர் அல்லர், மூவர். மூத்தவர் லலிதா, நடுவில் பத்மினி, இளையவர் ராகினி. 1954இல் வந்த தூக்குத் தூக்கியில் மூவரையும் ஒரே படத்தில் பார்க்கலாம். அடுத்தது, திருமணத்தோடு பத்மினி திரையுலகை விட்டுப் போனார் என்பது. டாக்டர் ராமச்சந்திரனை அவர் மணந்தது 1961இல். சித்தி 1966, இரு மலர்கள் 1967, தில்லானா மோகனாம்பாள் 1968, வியட்நாம் வீடு 1970. நம்மில் பலர் பத்மினி என்றதும் நினைப்பது இந்தப் படங்களைத்தான். எல்லாமே திருமணத்துக்குப் பிறகு வந்தவை. 1932 ஜூன் 12இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 1968 ஜூலையில் தில்லானா மோகனாம்பாள் வெளிவந்தபோது 36 வயதைக் கடந்திருந்தார். ஒரு பிள்ளைக்குத் தாய். அந்த வயதில் அந்த ஆட்டம் என்றால், கால் எத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது பிழை இந்தக் கேள்வியில்தான் வருகிறது. "தில்லானா மோகனாம்பாளில் நடிப்பதற்காகவே பரதம் பயின்றார்" என்று கட்டுரை சொல்கிறது. நடந்தது நேர் எதிர். பத்மினி சிறுமியாக இருந்தபோதே குரு கோபிநாத்திடம் ஆடக் கற்றவர். பின்னர் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். திரையில் வந்ததே நடனக்காரியாகத்தான். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த கல்பனா என்ற இந்திப் படம் 1948இல் வெளியானது. முழுக்க நடனத்தைப் பற்றிய அந்தப் படம்தான் பத்மினியின் முதல் படம். அதன் பிறகு லலிதா, பத்மினி நடனம் என்று சுவரொட்டியில் போடும் அளவுக்குப் படத்துக்குப் படம் ஆடினார்கள். கதைக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஆனாலும் சனம் அதற்காகவே கொட்டகைக்குப் போனது. கதாநாயகியாக அவரை நிலைநிறுத்தியது 1951இல் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய மணமகள். மறு ஆண்டு அதே கிருஷ்ணனின் பணம் படத்தில் சிவாஜி கணேசனுக்கு ஜோடி. ஆட்டம் முதலில், வசனம் பிறகு. இந்த வரிசையைத்தான் கட்டுரை தலைகீழாக்கிவிட்டது.

வரிசை மாறினால் என்ன என்று கேட்கலாம். தீபாவளிக் கலை இரவு, பள்ளி ஆண்டு நிறைவு விழா, தோட்டத்து மாரியம்மன் திருவிழா என எதை எடுத்தாலும் பத்மினியின் பாட்டு ஒன்று மேடையில் இல்லாமல் இருப்பதில்லை. மறைந்திருந்தே பார்க்கும் மர்மமென்ன, நலந்தானா, கண்ணும் கண்ணும் கலந்து. இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் உண்டு. ஆடுவது பெரும்பாலும் நடன வகுப்பையே பார்க்காத ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். மூன்று வாரம் கைப்பேசியில் பார்த்துப் பழகி மேடை ஏறுகிறார்கள். 'ஒரு படத்துக்காகப் பத்மினியே கற்றுக்கொண்டாராம்' என்று பத்திரிகையும் எழுதிவிட்டால், பெற்றோருக்கு மூன்று வாரம் போதும் என்றுதான் தோன்றும்.

பரதக் கச்சேரியின் வரிசை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. தில்லானா கடைசியில் வருவது. கால் நன்றாகச் சூடேறி, தாளம் உடம்பில் இறங்கிய பிறகு ஆடுவது. தில்லானா மோகனாம்பாளில் நாட்டியக்காரி மோகனாவுக்கும் நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் நடக்கும் போட்டியே அந்தக் கடைசி உருப்படியை வைத்துத்தான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோதும் கதையின் முடிச்சு இதுவே. நம் பிள்ளைகள் இந்தக் கடைசிப் படியில் கால் வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். பாட்டுக்குரல் பி. சுசீலாவுடையது. சிவாஜி வாசிப்பதாக நாம் பார்க்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. இசை கே.வி. மகாதேவன். குரலையும் குழலையும் இரவல் வாங்கலாம், ஆடும் காலை வாங்க முடியாது. பத்மினியின் கால் பத்மினியுடையதே. சிவாஜியின் விரலும் கன்னமும் நாதஸ்வரத்துக்கு அத்தனை பொருத்தமாக அசைவது பெரிய நடிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் முழங்காலைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டியை நடித்துக் காட்ட வழி கிடையாது. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

அரைமண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று கடைசி வரிசையில் இருக்கும் தாயும் கண்டுபிடிக்கலாம். ஆடையின் முன்னால் மடித்துத் தைத்த விசிறி இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். இரண்டு முழங்காலும் பக்கவாட்டில் விரிந்தால்தான் அது முழுதாக மலரும். பிள்ளை நிமிர்ந்து நின்றாலும், முழங்கால் முன்பக்கம் போனாலும் விசிறி பாதியில் சுருங்கித் தொங்கும். பத்மினி ஆடும்போது வேகம் ஏற ஏறத் தலை மட்டம் மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள். உயரம் கூடிக் குறையாமல், கோடு போட்டதுபோல் ஒரே மட்டத்தில் தலை நகர்கிறது. கீழே கால் அடங்கி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். நம் மேடைகளில் பிள்ளைகளின் தலை ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். அரைமண்டி இல்லாமல் தட்டுவதால் வரும் குறை அது. குதிகால் முழு எடையோடு விழுந்து, அதிர்ச்சி நேரே முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. சிமெண்டுத் தரையில் ஒத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். ரப்பர் விரிப்போ தடித்த பாயோ போட்டுப் பழகுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், வியர்வை பட்டதும் வழுக்கும்.

பத்மினியின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரு கோபிநாத் கதகளியில் ஊறியவர். பத்மினியின் புருவமும் கருவிழியும் அப்படிப் பேசுவதற்கு அந்த முதல் பயிற்சி ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்ற வைஜெயந்திமாலாவோடு அவர் ஆடிய வஞ்சிக்கோட்டை வாலிபன் போட்டியை இதற்காகவே இன்னொரு முறை பாருங்கள். 1958இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த படம், இசை சி. ராமச்சந்திரா, பாடியவர்கள் பி. லீலாவும் ஜிக்கியும். நடிகர் பி.எஸ். வீரப்பாவின் "சபாஷ், சரியான போட்டி" நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் யார் ஜெயித்தார் என்று இன்றும் வீட்டுக்கு வீடு சண்டை போடுகிறோமே தவிர, இருவரின் ஆட்டம் எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்பதில்லை. வைஜெயந்திமாலாவிடம் கால் வேகமும் உடலின் துள்ளலும் முன்னால் வரும். பத்மினி ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் பார்வை முன்னதாகப் போய் அந்த இடத்தில் நின்றிருக்கும். கை போகும் இடத்தில் கண், கண் போகும் இடத்தில் மனம் என்று நடன வகுப்பில் சொல்வார்களே, அதை அங்கே பார்க்கலாம். எங்களுக்கு யார் ஜெயித்தார் என்பது முக்கியமில்லை. அந்தக் காட்சியே முடிவு சொல்லாமல்தான் நிற்கிறது.

தில்லானா மோகனாம்பாளின் நலந்தானா பாட்டில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். சபை நடுவே, வாய்விட்டு விசாரிக்க முடியாத ஒருவரிடம் நலம் கேட்க வேண்டும். உடம்பு சபைக்கு ஆடுகிறது, பார்வை மட்டும் ஒருவரிடம் போய் வருகிறது. நம் பிள்ளைகள் இதைச் செய்யும்போது கழுத்தையும் தோளையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். பயிற்சி மிக எளிது. சுவரில் தலையைச் சாய்த்து உட்கார வைத்து, தலை சுவரை விட்டு நகராமல் கருவிழியை மட்டும் வலம், இடம், மேல், கீழ், நான்கு மூலை என்று நகர்த்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு திசையிலும் நான்கு எண்ணும் வரை நிறுத்த வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். கண் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் தலை அசைவு ஒன்பது, பார்வை எட்டு, கழுத்து அசைவு நான்கு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது தனித்தனியாகப் பழகுவதற்காகத்தான்.

திரையில் முகம் முழுத் திரையையும் நிறைக்கும். மேடையில் பத்தாவது வரிசைக்கு அந்தக் கண் தெரியாது. ஆகவே படத்தில் கண்ணால் மட்டும் செய்ததை மேடையில் தலையும் மேலுடலும் சற்றே சேர்ந்து செய்ய வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியை. பிள்ளையிடம் விட்டால் கண்ணை உருட்டும்.

கைப்பேசியைப் பார்த்துப் பழகுவதில் வரும் கோளாறுகள் வேறு. திரையில் பத்மினி நம்மை நோக்கி ஆடுகிறார். அவர் வலக்கையை நீட்டினால் அது நமக்கு இடப்பக்கம் தெரியும். பாதிப் பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்து இடக்கையை நீட்டுவார்கள், மீதிப் பேர் யோசித்து வலக்கையை நீட்டுவார்கள். மேடையில் ஆளுக்கொரு பக்கம் போவது இதனால்தான். பரதத்தில் அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவு, வலப்பக்கம்தான் தொடங்கும். ஒன்று, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடும் வசதியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆசிரியை பிள்ளைகளுக்கு முதுகு காட்டி முன்னால் நின்று ஆடிக் காட்டட்டும். இரண்டாவதுதான் நல்லது.

படத்தின் அளவும் கெட்டுப் போகிறது. அந்தக் காலப் படம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் எடுத்தது. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்மினி குட்டையாகப் பருத்துத் தெரிவார், கைக்கோடு எல்லாம் மாறிவிடும். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவதில் பாதி கால் பக்கம். காலே தெரியாத படத்தைப் பார்த்து எப்படி அடவு பழகுவது? தொலைக்காட்சியின் பட அளவை நான்குக்கு மூன்றாக மாற்றி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும் என்று விடுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை வேகத்தில் இருக்கிறது. பலர் பாட்டுக் கோளாறு என்று ஒலிபெருக்கிக்காரரைக் குறை சொல்வது இதைத் தெரியாமல்தான். சினிமாச் சுருள் வினாடிக்கு 24 படச்சட்டம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் செய்த பழைய பிரதிகள் பல, வினாடிக்கு 25 என்று ஓடுபவை. ஐந்து நிமிடப் பாட்டு, அதாவது 300 வினாடி, அப்படிப்பட்ட பிரதியில் 288 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் கொஞ்சம் ஏறும். பிள்ளைகள் வாரக்கணக்கில் இந்த வேகத்தில் பழகுகிறார்கள். விழாவன்று யாரோ இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டைப் போடுகிறார்கள். பாட்டு முடிய இன்னும் 12 வினாடி இருக்கும்போது பிள்ளைகள் கும்பிட்டு நிற்கிறார்கள். முதல் நாள் ஒத்திகையிலேயே மேடையில் போடப்போகும் பாட்டு எது என்று முடிவு செய்து, அந்தப் பிரதி ஒன்றை மட்டுமே கடைசிவரை பயன்படுத்துங்கள். காட்சியைப் பார்க்க வேண்டுமானால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நேரம் குறைவு என்று பாட்டை வெட்டச் சொல்வார்கள். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடியும் இடத்தில் மட்டும் வெட்டலாம். ஜதி என்ற தாளச் சொற்கட்டின் நடுவில் ஒருபோதும் வெட்டக்கூடாது. மறைந்திருந்தே பார்க்கும் பாட்டு சண்முகப்பிரியா ராகம். பல்லவி, ஒரு சரணம், முடிவு என்று எடுத்தாலே நான்கு நிமிடத்துக்கு நிறைவாக வரும். சரணம் பாதி, ஜதி பாதி என்று ஒட்டினால் பிள்ளைக்குக் கால் எங்கே விழ வேண்டும் என்றே தெரியாமல் போகும். பாட்டைப் போடும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். இரண்டு ஒலிபெருக்கியும் சனத்தை நோக்கி இருந்தால் பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தாளம் தெளிவாகக் கேட்காது. சிறியது ஒன்றை மேடையைப் பார்த்து வையுங்கள்.

கோயில் திடலில் பலகை அடித்த மேடை 20 அடிக்கு 12 அடி என்றால் அதில் ஐந்து பேருக்கு மேல் ஆட முடியாது. கை நீட்டி ஓர் அடி எடுத்து வைக்க ஒரு பிள்ளைக்கு ஆறடிச் சதுரம் வேண்டும். முன்னால் மூவர், இடைவெளியில் தெரியும்படி பின்னால் இருவர். எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பன்னிரண்டு பேரை ஏற்றினால் யாரும் கையை முழுதாக நீட்ட மாட்டார்கள். நீட்டாத கை பத்மினியின் ஆட்டமாக எப்படி இருக்கும்? இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு பாட்டுக் கொடுங்கள்.

சலங்கையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தோலில் மூன்று வரிசை தைத்தது பத்து வயதுக்குப் போதும். ஐந்து வரிசை கட்டினால் கால் தூக்கச் சோம்பும். கணுக்கால் எலும்புக்கு மேலே, உள்ளே கைக்குட்டை சுற்றி, ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். இந்த ஈரக் காற்றில் நூல் இற்றுப்போகும். விழாவுக்கு முதல் நாள் ஒவ்வொரு மணியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேடையில் உதிர்ந்த ஒரு மணி போதும், அடுத்த பிள்ளையின் பாதத்தைக் கிழித்துவிடும். காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பு பூசுவதானால் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூசிக் காய விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கால அளவு. பன்னிரண்டு வாரம் கொடுங்கள். முதல் ஐந்து வாரம் பாட்டே வேண்டாம். தட்டடவும் நாட்டடவும் மட்டும், மூன்று வேகத்திலும், தாளச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. ஆறாவது வாரம் முத்திரையும் பார்வையும். எட்டாவது வாரத்தில் பாட்டு. கடைசி இரண்டு வாரம் சலங்கை கட்டி, மேடை ஆடையோடு. மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் பத்மினியின் பாட்டை எடுக்காதீர்கள். நல்ல கும்மி ஒன்று ஆடட்டும், கோலாட்டம் ஆடட்டும். அவை குறைந்தவை அல்ல, பிள்ளையின் காலும் தப்பிக்கும்.

பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்கும் இந்த வேலையைத்தான் பத்மினியும் செய்தார். நியூ ஜெர்சியில் 1977இல் நடனப் பள்ளி தொடங்கினார். தமிழிலும் இந்தியிலும் கொடி கட்டிப் பறந்தவர், ஜிஸ் தேஷ் மேங் கங்கா பெஹ்தி ஹை, மேரா நாம் ஜோக்கர் என்று ராஜ் கபூரோடு நடித்தவர், கடல் கடந்த ஊரில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். 1985இல் பூவே பூச்சூடவா படத்தில் பாட்டியாக வந்தார். 2006 செப்டம்பர் 24இல் சென்னையில் மறைந்தார். தங்கள் கட்டுரையில் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது எங்களுக்கு மிகுந்த வருத்தம். ஆடத் தெரிந்தவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்த கதையல்லவா அது? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் அதைத்தானே?

தீபாவளிக் கலை இரவுகளுக்குப் பள்ளிகளில் பாட்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே திருத்தத்தை அடுத்த ஞாயிறு பதிப்பிலேயே வெளியிட வேண்டுகிறோம். பிள்ளைகளின் மேடைப் படங்களைத் தாங்கள் வெளியிடும்போது முகத்தோடு நிறுத்தாமல் பாதம்வரை தெரியும் படமாகத் தேர்ந்தெடுத்தால் மிகவும் மகிழ்வோம்.

அன்புடன்,
நடன ஆசிரியைகளும் பழைய பட ரசிகர்களும்,
சுங்கை சிப்புட், பேராக்.